ஆளிவிதையும் ஒரு வெள்ளைக் கோடும்

1931ஆம் ஆண்டில், கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைத் தாண்டி மாத்தளைப் பக்கம் போகும் வீதியில், பஸ்களுக்கு வர்ணம் பூசும் கொட்டில்கள் மூன்று இருந்தன. சிவப்பு பூசுவதும் பச்சை பூசுவதும் பெயர் எழுதுவதும் மூன்று கொட்டில்களிலும் நடந்தன. ஆனால் பஸ்ஸின் விலாவில் முன் சக்கரத்துக்கு மேலே தொடங்கிப் பின்பக்கம் வரை கால் அங்குல அகலத்தில் ஒரு வெள்ளைக் கோடு இழுக்க வேண்டுமென்றால், மற்ற இரண்டு கொட்டில்காரர்களும்கூட மூன்றாவது கொட்டிலின் வர்ண மேஸ்திரி சந்தியாகு பாஸைத்தான் கூப்பிட்டு அனுப்புவார்கள். அவர் அளவுகோல் வைப்பதில்லை. நூல் பிடிப்பதில்லை. பதினாறு அடி நீளத்தை மூன்று மூச்சில் இழுத்துவிட்டு, தூரிகையைக் கீழே வைத்த பிறகுதான் நிமிர்ந்து பார்ப்பார்.

அவர் பிறந்தது ஹேவாஹெட்டத் தோட்டமொன்றில், 1889 மார்ச் மாதம். பதினேழு வயதில், தேயிலைத் தொழிற்சாலையின் கூரைக்குச் சிவப்புப் பூச வந்த சிங்கள பாஸ் ஒருவருக்கு வாளி தூக்கப் போனவர், கூரை முடிந்ததும் அவரோடு கண்டிக்கு இறங்கிவிட்டார். 1912இல் கட்டுகஸ்தோட்டையில் சொந்தமாகக் கொட்டில் போட்டார். 1914 ஜனவரியில் சூசையம்மாவைக் கல்யாணம் முடித்தார். சூசையம்மா பாலத்தடியில் இரண்டு தேநீர்க் கடைகளுக்கு இடியப்பம் அவித்துக் கொடுப்பவள். நாக்கில் சற்றுக் காரம் உண்டு. புருஷனை அவள் "நீங்க" என்றுதான் பேசுவாள், ஆனால் அந்த "நீங்க"வில் கேட்கிறவருக்குச் சிரிப்பு வரும்.

கோடு இழுக்கும் தூரிகை அணில்முடியில் செய்தது. முடி மூன்று அங்குல நீளம். நுனி ஊசிபோலக் கூராக இருந்தால்தான் கோட்டின் ஓரம் கத்தியால் வெட்டியதுபோல் வரும். ஒவ்வொரு மூச்சுக்கும் முன்னால் சந்தியாகு தூரிகையை உதட்டில் வைத்து, ஒரு சுழற்றுச் சுழற்றி, நுனியைக் கூராக்குவார். தொழில் கற்றுத் தந்தவர் அப்படித்தான் செய்தார். பத்தொன்பது வருடமாக இவரும் அப்படியே செய்தார். வர்ணத்தின் ருசி இலேசான இனிப்பு என்று கேட்டவர்களிடம் சொல்லுவார்.

1929இல் நகரச் சுகாதாரப் பகுதிக்காக அவர் பதினைந்து அறிவிப்புப் பலகைகள் எழுதினார். குடிநீரைக் கொதிக்கவைத்துப் பருகவும் என்று மூன்று மொழியிலும் எழுத வேண்டும். பதினைந்து பலகை, நாற்பத்தைந்து தடவை. எழுதி முடித்தபோது அந்த வாக்கியம் அவருக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. அன்றிலிருந்து கொதித்தாறாத தண்ணீரைத் தொடமாட்டார். கல்யாண வீட்டுக்குப் போனாலும் போத்தலில் சொந்தத் தண்ணீர் கொண்டுபோவார். பாலைக்கூட இரண்டு தரம் காய்ச்சச் சொல்வார்.

இதை இங்கே சொல்லக் காரணம் இருக்கிறது.

1931 பெப்ரவரியில் அவருக்கு வயிறு இறுகத் தொடங்கியது. வெளிக்குப் போவது மூன்று நாளைக்கு ஒரு தரம், பிறகு ஐந்து நாளைக்கு ஒரு தரம் என்றாயிற்று. தொப்புளைச் சுற்றி முறுக்கும் வலி வந்தால் கொட்டிலின் மரத்தூணை வயிற்றோடு அணைத்துக்கொண்டு நிற்பார். அமுக்கிப் பிடித்தால் சற்று ஆறும். சூசையம்மா திரிபலை கொடுத்தாள், விளக்கெண்ணெய் கொடுத்தாள். விளக்கெண்ணெய் அந்த ஒரு நாளுக்கு வேலை செய்யும். மறுநாள் பழைய கதைதான்.

ஜூன் 6ஆம் திகதி சனிக்கிழமை அவர் பஸ் ஏறி அக்குறணைக்குப் போனார். அங்கே முஹைதீன் நாட்டுமருந்துக் கடை வைத்திருந்தார். ஐம்பத்தெட்டு வயது. ஊரார் அவரை அண்ணன் என்ற பொருளில் நானா என்றே கூப்பிடுவார்கள். கடையின் பின்சுவர் முழுக்க லாச்சி என்னும் சிறு சிறு இழுப்பறைகள், நூற்றிருபது. எந்த லாச்சியில் என்ன சரக்கு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார். லாச்சிகளின் முகப்பில் பெயர் எழுதிக் கொடுத்ததே சந்தியாகுதான்.

"வாங்க பாஸ், உக்காருங்க. மூஞ்சி என்ன இப்படி வெளிறிப் போயிரிக்கி? கோடு இழுக்கிற வெள்ளய நீங்களே பூசிக்கிட்டீங்களா?"

"வயிறு கல்லா கெடக்கு நானா. அஞ்சு நாளாச்சு. உள்ள யாரோ கயிறு முறுக்குற மாதிரி இருக்கு."

முஹைதீன் நாடி பார்த்தார், நாக்கைப் பார்த்தார். பிறகு எழுந்து போய் ஒரு லாச்சியை இழுத்தார். உள்ளே எள்ளைவிடப் பெரியதாய், தட்டையாய், மண்ணிறத்தில் மினுங்கும் விதை. கையில் அள்ளினால் விரலிடுக்கில் தண்ணீர்போல வழுக்கிக்கொண்டு ஓடியது.

"ஆளிவெத. பொழுதுபட ஒரு மேசக்கரண்டிய ஒரு கோப்பத் தண்ணியில ஊறப் போடுங்க. காலையில கொழகொழண்டு இரிக்கும். வெதயோட சேத்துக் குடிங்க. அதுக்கு மேல இன்னும் ரெண்டு கோப்பத் தண்ணி குடிக்கோணும், மறந்துராதீங்க. தண்ணி இல்லாமத் திண்டா வெத உள்ளுக்குப் போய் அடச்சிக்கும்."

"கொதிச்சாறின தண்ணிதானே நானா?"

"உங்களுக்கு அதச் செல்லவும் வேணுமா? பலக எழுதினவரே நீங்கதான்."

நான்காம் நாள் காலையில் வயிறு இளகியது. அதற்குப் பிறகு ஒரு வாரம் ஒழுங்காக இருந்தது. வலி முழுதாகப் போகவில்லை. ஆனாலும் சந்தியாகு கொட்டிலுக்கு வந்தவர் போனவரிடமெல்லாம் ஆளிவிதையின் புகழ் பாடினார். உண்மையில் அந்த விதைக்கு அந்தக் குணம் உண்டு. ஊறும்போது அதைச் சுற்றிக் கட்டும் வழுவழுப்பு குடலைக் காயவிடாது. உமி மலத்தை இளக்கித் தள்ளும். வறட்டு இருமலுக்கு அதைக் கொதிக்கவைத்து வடித்த நீரில் தேன் விட்டுக் குடிப்பார்கள். அரைத்து வெந்நீரில் கிளறி, துணியில் பரப்பிச் சூட்டோடு நெஞ்சில் கட்டுவது அன்றைய ஆஸ்பத்திரிகளில் வழக்கம். கட்டி பழுக்கவும் அதே கட்டுத்தான். எண்ணெயைச் சுண்ணாம்பு நீரோடு கலக்கித் தீப்புண்ணில் பூசுவார்கள்.

இரண்டாவது முறை அக்குறணைக்குப் போனது ஜூன் 20ஆம் திகதி, அதுவும் சனிக்கிழமை. கடையில் கூட்டம். விதையைப் பொட்டலம் கட்டிக்கொண்டே முஹைதீன் சொன்னார்:

"வெதய விடாம எடுங்க. இதுட எண்ணெயும் வயித்துக்கு நல்லம்னு பழைய வைத்தியர்மாரு செல்லுவாங்க. எங்கட கடையில அது இல்ல."

சந்தியாகு சிரித்தார். "எண்ணெயா? இருவது வருஷமா நான் அதுலதானே நானா நீந்திக்கிட்டு இருக்கேன்! பெயின்ட் கலக்குறதே இந்த வெத எண்ணெயிலதான்."

"அப்ப உங்களுக்கு வீட்டுலயே வைத்தியம்" என்று முஹைதீனும் சிரித்தார். யாரோ பெருங்காயம் கேட்டார்கள். அவர் அந்தப் பக்கம் திரும்பிவிட்டார்.

கொட்டிலில் எண்ணெய்த் தகரம் இரண்டு இருந்தது. ஒன்று பச்சை எண்ணெய், விதையை ஆட்டி எடுத்தபடியே இருப்பது. அதைக் கலந்து பூசினால் வர்ணம் காய நாலு நாள் பிடிக்கும். மற்றது காய்ச்சிய எண்ணெய். கப்பலில் வரும்போதே காய்ச்சித்தான் வரும். அதில் கலந்தது மறுநாளே காய்ந்துவிடும். நிறமும் தேன்போல இருக்கும். சந்தியாகு இரண்டு தகரத்தையும் பார்த்துக்கொண்டு நின்றார். அதிகம் யோசிக்கவில்லை. பச்சையாகக் குடிப்பதைவிடக் காய்ச்சியதைக் குடிப்பதுதான் உடம்புக்கு நல்லது என்பதை அவர் மூன்று மொழியில் நாற்பத்தைந்து தடவை எழுதியவர்.

ஜூன் 22ஆம் திகதி திங்கட்கிழமை காலையில் ஒரு மேசைக்கரண்டி காய்ச்சிய எண்ணெயை விழுங்கினார். மணம் வீடெங்கும் பரவியது. சூசையம்மா அடுப்படியிலிருந்து வந்து எட்டிப் பார்த்தாள்.

"பஸ்ஸுக்கு அடிக்கிறத வயித்துக்கு அடிக்கிறீங்களா? உள்ளுக்குச் செவப்பா, பச்சையா? சொன்னா நானும் பேரு எழுத வருவேன்."

"நானா சொன்ன மருந்து இது. சும்மா இரு."

"நானா இந்தத் தகரத்தப் பாத்துட்டா சொன்னாரு?"

"ஆளிவெத எண்ணெதான்டி இது. பச்ச எண்ணெயக் குடிச்சாத் தப்பு. இது காய்ச்சினது. நீ மாவ அவிக்காமலா இடியப்பம் விக்கிற?"

"நான் அவிக்கிறத நான் பாக்குறேன். இதக் காய்ச்சினவன நீங்க பாத்தீங்களா?"

அவர் கரண்டியைக் கழுவி வைத்தார். அவள் கேட்டதைக் குதர்க்கம் என்று எடுத்துக்கொண்டார். அவளும் இடியப்பத் தட்டு காத்திருந்ததால் உள்ளே போய்விட்டாள்.

முதல் சில நாள் எண்ணெயின் வழுவழுப்பு வேலை செய்தது. மூன்றாம் வாரம் வலி முன்னைவிடக் கடுமையாகத் திரும்பியது. சோறு பிடிக்கவில்லை. வாயில் அந்த இனிப்பு ருசி, வர்ணம் தொடாத ஞாயிற்றுக்கிழமையிலும் தங்கி நின்றது. ஜூலை நடுவில் ஒரு காலை, தேநீர்க் கோப்பையை எடுத்தபோது வலக்கை மணிக்கட்டு தானாக மடங்கிற்று. தேநீர் மடியில் கொட்டியது. நடுவிரலும் மோதிர விரலும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. இதை அவர் மனைவியிடம் சொல்லவில்லை, முஹைதீனிடமும் சொல்லவில்லை. கைக்குக் கீழே தாங்கு கோல் ஒன்றை வைத்து வேலை செய்யத் தொடங்கினார். இருபது வருடமாகக் கோல் வைத்து வேலை செய்கிறவர்களைப் பார்த்துச் சிரித்தவர் அவர். எண்ணெயை மட்டும் ஒரு நாளும் விடவில்லை. வயிறு சரியானால் கையும் சரியாகிவிடும் என்பது அவர் கணிப்பு.

அந்த ஓகஸ்டில் அக்குறணை மர்சூக் முதலாளி புதிதாக ஒரு பஸ் கட்டியிருந்தார். அதுவரை மற்றவர்களிடம் வாங்கிய பழைய பஸ்களைத்தான் ஓட்டினார். இதுதான் சட்டம் முதல் கூரை வரை அவருக்கென்று கட்டியது. இரத்தச் சிவப்பு. அதன் மேல் சந்தியாகுவின் வெள்ளைக் கோடு ஓடவேண்டும். 14ஆம் திகதி வெள்ளிக்கிழமை இடப்பக்கக் கோட்டைக் கோலின் உதவியோடு எப்படியோ இழுத்துவிட்டார். சனிக்கிழமை மாதா விண்ணேற்புத் திருநாள், அடுத்தது ஞாயிறு. இரண்டு நாளும் கைக்கு ஓய்வு. கை தேறியிருக்கும் என்று நம்பித்தான் திங்கட்கிழமை, 17ஆம் திகதி, கோலை எடுக்காமல் வலப்பக்கம் போய் நின்றார். மர்சூக் பக்கத்தில் பெட்டியொன்றின் மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் மூச்சு நேராக வந்தது. இரண்டாவது மூச்சுக்குத் தூரிகையை உதட்டில் சுழற்றினார். இரண்டடி போயிருக்கும். கோடு சரிந்து கீழே இறங்கியது.

"பாஸ், பஸ்ஸு மலையில ஏறப்போகுதா, எறங்கப்போகுதா? கோடு பள்ளத்துக்குப் போகுதே" என்றார் மர்சூக்.

சந்தியாகு திரும்பவில்லை. தூரிகை நிலத்தில் விழுந்து கிடந்தது. அவருடைய வலக்கை மணிக்கட்டிலிருந்து கீழே, கழுத்து முறிந்த கோழிபோலத் தொங்கியது. அதைத் தூக்க அவர் முயன்றது தோளில் தெரிந்தது. கை தூக்கப்படவில்லை.

மர்சூக் பெட்டியிலிருந்து இறங்கினார். சரிந்த கோட்டை ஈரத்தோடு தம்முடைய தோள் துண்டினாலேயே துடைத்தார். பிறகு சந்தியாகுவின் இடக்கையைப் பிடித்து, "வாங்க, மருந்துச்சாலைக்குப் போவோம்" என்று மட்டும் சொன்னார்.

பாலத்துக்கு இந்தப் பக்கமிருந்த மருந்துச்சாலையில் நோய் பார்த்து மருந்து கொடுக்கும் அப்போதிக்கரியாக இருந்தவர் கிளறன்ஸ். யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவர். எல்லாரையும் கேள்வி கேட்டே களைக்க வைப்பவர். அவர் சந்தியாகுவை இரண்டு கையையும் முன்னால் நீட்டச் சொன்னார். இடது நின்றது, வலது விழுந்தது. வாயைத் திறக்கச் சொன்னார். கீழுதட்டை விரலால் இழுத்துப் பார்த்தார். மேசை லாச்சியிலிருந்து முகச்சவரக் கண்ணாடியை எடுத்துச் சந்தியாகுவின் முகத்துக்கு முன்னால் பிடித்தார்.

"பல்லடியைப் பாரும். என்ன தெரியுது?"

ஈறு பல்லோடு சேரும் இடம் நெடுக, பென்சிலால் கீறியதுபோல ஒரு நீலக் கோடு.

"இந்தக் கோட்டை ஆர் இழுத்தது?" என்றார் கிளறன்ஸ். "நீர்தான் இழுத்தனீர். இது ஈயம். உம்மடை வெள்ளைப் பெயின்ற் ஈயத்திலைதான் செய்யிறது. அது வாய்க்குள்ளை போக வழி என்ன?"

மர்சூக் பதில் சொன்னார். விரலைத் தூரிகையாகப் பிடித்து, உதட்டில் வைத்துச் சுழற்றிக் காட்டினார். கிளறன்ஸ் கண்ணை மூடித் திறந்தார்.

"எத்தினை வருசமா?"

"பத்தொம்பது வருஷம் ஐயா" என்றார் சந்தியாகு. "பத்தொம்பது வருஷமா ஒண்ணும் செய்யலையே. இப்ப மட்டும் ஏன்?"

"அதைத்தான் நானும் கேக்கிறன். இப்ப புதுசா என்ன விழுங்கினீர்?"

ஆளிவிதையைப் பற்றிச் சொன்னார். கிளறன்ஸ் தலையாட்டினார். எண்ணெயைப் பற்றிச் சொன்னார். தலையாட்டல் நின்றது. எந்த எண்ணெய், எந்தத் தகரம், எத்தனை நாள் என்று கேள்வி மேல் கேள்வி வந்தது. ஐம்பத்தாறு நாள், நாளுக்கு ஒரு மேசைக்கரண்டி. கிளறன்ஸ் அதைப் பதிவேட்டில் எழுதினார்.

"பச்சை எண்ணெய் காய எத்தினை நாள்?"

"நாலு நாள்."

"காய்ச்சினது?"

"ஒரு நாள்."

"ஏன் கெதியாக் காயுது?"

"காய்ச்சினதாலதான் ஐயா."

"தேங்காயெண்ணெயைக் காய்ச்சிப் பலகையிலை பூசிப் பாரும், காயுதோ எண்டு. வெறுமனே காய்ச்சினா ஒரு எண்ணெயும் இந்த வேகத்திலை காயாது. காய்ச்சேக்கை ஒரு சரக்குப் போடுறாங்கள். அதுவும் ஈயம். நாங்கள் இஞ்சை ஈயப் பிளாஸ்திரி காய்ச்சிறதும் அப்பிடித்தான். உம்மடை வயித்தை இறுக்கினதே பிரஷ்வழி போன ஈயம். அதுக்கு மருந்தெண்டு நீர் இன்னும் ஈயத்தைக் கரண்டியிலை குடிச்சிருக்கிறீர்."

சந்தியாகு தம் தொங்கும் கையை இடக்கையால் தூக்கி மடியில் வைத்தார். பிறகு, "இதக் காய்ச்சினவன நீங்க பாத்தீங்களான்னு எம் பொஞ்சாதி கேட்டா" என்றார்.

"கெட்டிக்காரி" என்றார் கிளறன்ஸ். "இனிக் கேளும். உம்மடை கையிலை நரம்பு படுத்திட்டுது. இப்பவே எல்லாத்தையும் விட்டீரெண்டால் எழும்பலாம். எழும்பாமலும் விடலாம். ஆறு மாசம், எட்டு மாசம் பிடிக்கும். இன்னும் கொஞ்ச நாள் இப்பிடியே போனால் அந்தக் கை உமக்குக் கோப்பை பிடிக்கவும் உதவாது, கோடு இழுக்கிறது கிடக்கட்டும். பெயின்ற் வேலை முழுக்க நிப்பாட்டும். கை திரும்பி வந்தால் வேலை செய்யலாம், ஆனால் பிரஷ் உதட்டுக்குப் போகக் கூடாது. இனி ஒரு நாளும்."

"உதட்டுல வைக்காம நுனி வராது ஐயா."

"அப்ப கோடும் வராது."

கிளறன்ஸ் பேதியுப்பும் வேறு மருந்தும் கொடுத்தார், பால் குடிக்கச் சொன்னார். ஆளிவிதையை விடவேண்டாம் என்றார். விதையில் பிழையில்லை, தண்ணீரோடு எடுத்தால் இறுகிய வயிற்றுக்கு நல்லது. பச்சை எண்ணெயையும் தொடக் கூடாது. வர்ணக் கடைக்கு வரும் எண்ணெய் சாப்பாட்டுக்காக ஆட்டியதல்ல, தகரத்தில் என்னென்ன தொட்டிருக்கும் என்று யாருக்கும் தெரியாது.

மறுநாள் காலை சூசையம்மா இடியப்பத் தட்டுகளை அப்படியே போட்டுவிட்டு அக்குறணைக்குப் போனாள். கடை வாசலில் நின்றபடியே கத்தினாள்.

"நல்லா இருக்கு நானா ஒங்க வைத்தியம்! வெசத்தக் குடிக்கச் சொல்லிட்டு, வீட்டுலயே வைத்தியம்னு சிரிச்சீங்களாமே!"

முஹைதீன் அவளை உள்ளே வரச் சொல்லி, நடந்ததை முழுதும் கேட்டார். காய்ச்சிய எண்ணெய் என்ற சொல் வந்ததும் எழுந்தார். மேல்வரிசையில் ஒரு லாச்சியை இழுத்து, மஞ்சளும் சிவப்புமாகத் தகடு தகடாக இருந்த ஒரு சரக்கைக் கையில் எடுத்துக் காட்டினார்.

"இதுதான் தங்கச்சி, மிருதார்சிங்கி. ஈயத்துட சரக்கு. இதப் போட்டுத்தான் காய்ச்சுவாங்க. புண்ணுக்குக் களிம்பு செய்யத் தாரது. வாயில வைக்க நான் ஒருத்தருக்கும் குடுத்ததில்ல. அவரு எண்ணெ இரிக்கின்னு சென்னாரு. எந்த எண்ணென்டு நான் ஒரு வார்த்த கேக்கல்ல. பெருங்காயம் நிறுக்கப் போயிட்டேன்."

அவர் முகத்தைப் பார்த்த பிறகு சூசையம்மாவுக்கு மேற்கொண்டு கத்த வரவில்லை. அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் முஹைதீன் கட்டுகஸ்தோட்டைக்கு வந்து சந்தியாகுவின் பக்கத்தில் கதிரை போட்டு ஒரு மணி நேரம் இருந்தார்.

கை தொங்கிக்கொண்டே இருந்தால் தசை நீண்டுபோகும், பலகை வைத்து நிமிர்த்திக் கட்டவேண்டும் என்று கிளறன்ஸ் சொல்லியிருந்தார். சந்தியாகு பழைய தேயிலைப் பெட்டியொன்றிலிருந்து மெல்லிய பலகையை உடைக்கச் சொன்னார். உடைத்த சூசையம்மா பெட்டியின் உட்புறத்தில் ஒட்டியிருந்த சாம்பல் நிறத் தகட்டை உரித்து வெளிச்சத்தில் பிடித்தாள். தேயிலைக்குச் சுற்றும் ஈயத்தாள்.

"இங்கயுமா! ஒங்கள விடமாட்டேங்குது பாருங்க" என்று அதைச் சுருட்டி வீதியில் எறிந்தாள். பலகையைச் சாம்பல் போட்டு மூன்று தரம் தேய்த்துக் கழுவிய பிறகுதான் கையில் வைத்துக் கட்டினாள்.

செப்டெம்பர், ஒக்டோபர், நவம்பர். சந்தியாகு கொட்டிலைப் பூட்டி வைத்திருந்தார். காலையில் எழுந்தால் இடக்கையால் இடியப்ப உரலை அழுத்திக் கொடுப்பார். பிறகு ஊறிய ஆளிவிதையை விழுங்கி, இரண்டு கோப்பைத் தண்ணீர் குடித்து, பாலத்தடியில் போய் நிற்பார். மர்சூக்கின் சிவப்பு பஸ் அங்கே ஒரு நாளைக்கு நான்கு தடவை போய் வந்தது. இடப்பக்கம் வெள்ளைக் கோடு உண்டு, வலப்பக்கம் முன் சக்கரத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் நின்றுவிட்டது. அங்கே வேறு கை படக் கூடாது என்று மர்சூக் சொல்லிவிட்டார். ஒரு காதில் மட்டும் தோடு போட்ட பெண் என்று பாலத்தடிக் கடைக்காரர்கள் அந்த பஸ்ஸுக்குப் பெயர் வைத்தார்கள். சந்தியாகு அதைக் கேட்டும் கேளாததுபோல் நிற்பார்.

டிசம்பர் 9ஆம் திகதி நடுவிரல் அசைந்தது. ஜனவரியில் மணிக்கட்டு பாதி எழுந்தது. ஈறிலிருந்த நீலக் கோடும் மங்கியது. ஊரில் உடனே ஒரு கதை கிளம்பிற்று. ஆளிவிதை தின்றுதான் சந்தியாகு பாஸுக்குக் கை எழும்பியது என்று பேசிக்கொண்டார்கள். பக்கவாதக்காரர்களின் வீட்டார் அக்குறணைக்குப் போய், கை நிமிர்த்தும் விதை தாருங்கள் என்று கேட்டார்கள். முஹைதீன் லாச்சியைத் திறக்கவில்லை. முதலில் பாஸிடம் போய்க் கேட்டுவிட்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பினார். சந்தியாகு ஒவ்வொருவருக்கும் ஒரே மாதிரியே சொன்னார்: "வெத வயித்தத்தான் எளக்குச்சு. அதுக்கு அது நல்ல சாமான், நான் சாகுற வரைக்கும் விடமாட்டேன். கை எந்திரிச்சது ஈயத்த நிப்பாட்டினதால. எங்க வீட்டுக்காரி ஒரு கேள்வி கேட்டா. அன்னைக்கே நான் காது குடுத்திருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது." கேட்டவர்களில் சிலர் ஏமாற்றத்தோடு போனார்கள். இவர் விதையை ஒளித்து வைக்கிறார் என்றுகூட ஒருவர் சொன்னார்.

பெப்ரவரியில் அவர் மறுபடியும் தூரிகை பிடித்துப் பழகினார். வர்ணம் இல்லை, கண்ணாடித் துண்டின் மேல் வெறும் தண்ணீர். கண்ணாடியில் தூரிகையைச் சாய்த்து வைத்து விரலுக்கிடையில் உருட்டினால் நுனி ஒருவாறு கூராகும் என்று கண்டுபிடித்தார். உதட்டில் வரும் கூருக்கு அது அரைவாசிதான். அதைவிடப் பெரிய கஷ்டம், கை சொன்னபடி கேளாமல் உதட்டுக்குப் போய்விடுவது. ஒரு காலையில் பதினொரு தடவை போனது. சூசையம்மா முஹைதீனிடம் கரியபோளம் வாங்கி வந்து, குழைத்து அவர் உதட்டில் பூசிவிட்டாள். கைப்பென்றால் அப்படிப்பட்ட கைப்பு. பிள்ளைக்குப் பால் மறக்கடிக்கத் தாய்மார் பூசுவது.

அந்த நேரம் பார்த்து உள்ளே வந்த மர்சூக் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "என்ன அக்கா, நாப்பத்திரெண்டு வயசுப் புள்ளைக்கா பால் மறக்கடிக்கிறீங்க?"

"பாக்கத்தான் வயசு தெரியும் முதலாளி, செய்யிறது எல்லாம் கைப்புள்ள வேலை" என்றாள் சூசையம்மா.

1932இல் பாஸ்கு, இயேசு உயிர்த்த திருநாள், மார்ச் 27ஆம் திகதி வந்தது. அதற்கு அடுத்த வாரம், ஏப்ரல் 4ஆம் திகதி திங்கட்கிழமை காலை ஏழரைக்கு, மர்சூக் பஸ்ஸைக் கொண்டுவந்து கொட்டிலில் நிறுத்தினார். கிளறன்ஸ் வாரத்துக்கு இரண்டு நாள் வேலை செய்ய அனுமதி கொடுத்திருந்தார். வேலை முடிந்ததும் சவுக்காரம் போட்டுக் கை கழுவவேண்டும், கொட்டிலுக்குள் எதுவும் உண்ணக் கூடாது. சூசையம்மா உதட்டைப் பார்த்தாள். சந்தியாகு வேண்டாம் என்று கைகாட்டினார். இன்றைக்குக் கரியபோளம் பூசாமலே பார்க்கவேண்டும் என்றார்.

வர்ணத்தைத் தொட்டார். கண்ணாடியில் தூரிகையை உருட்டினார். முன் சக்கரத்தைத் தாண்டி, ஏழரை மாதத்துக்கு முன் கோடு நின்றுபோன இடத்தில் நுனியை வைத்தார். முன்பு ஒரே மூச்சில் போன தூரத்தை இரண்டு மூச்சாக்கிக்கொண்டார். கோடு நேராகப் போயிற்று. மூன்றாவது மூச்சுக்கு நின்றபோது தூரிகை தானாக மேலே எழுந்து, முகவாய்க்கருகில் வந்துவிட்டது. சூசையம்மா ஓரடி முன்னால் வந்தாள். அரை நிமிடம் அது அங்கேயே நின்றது. பிறகு அவர் அதைக் கீழே இறக்கிக் கண்ணாடியில் உருட்டினார்.

கடைசி மூச்சில், பின் சக்கரத்துக்கு மேல், மோதிர விரல் தளர்ந்தது. கோடு சரியவில்லை. ஆனால் ஒரு சாண் தூரத்துக்குக் கால் அங்குலக் கோடு கிட்டத்தட்ட அரை அங்குலமாகத் தடித்தது. பிறகு மெலிந்து, ஒழுங்காகப் பின்பக்கம் போய்ச் சேர்ந்தது. சந்தியாகு தூரிகையை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். தடித்த இடத்தை முதலில் கண்டது அவர்தான். மண்ணெண்ணெய் தொட்ட துணியைக் கையிலெடுத்தார். வர்ணம் ஈரமாகத்தான் இருந்தது. துடைத்தால் போய்விடும்.

மர்சூக் பஸ்ஸைச் சுற்றி இடப்பக்கம் போய்ப் பார்த்தார், வலப்பக்கம் வந்து பார்த்தார்.

"துடைக்கப் போறீங்களா பாஸ்?"

சந்தியாகு கையைத் திருப்பிப் பார்த்தார். துடைத்துவிட்டு இன்னொரு தடவை இழுக்க அந்தக் கையில் இன்றைக்குப் பலம் இல்லை. நாளைக்கு இருக்கலாம். நாளை மறுநாளும் இருக்கலாம்.

"ஒங்க பஸ்ஸு முதலாளி. நீங்க சொல்லுங்க."

"எனக்கு ஒண்ணும் தெரியல்லயே" என்றார் மர்சூக். அவர் கண் தடித்த இடத்தின் மேல்தான் இருந்தது.

சந்தியாகு துணியை மடித்து வைத்தார். பின்பக்கம் போய் வாளியில் சவுக்காரம் போட்டு, முழங்கை வரை கழுவினார். நகக்கண்ணில் இருந்த வெள்ளையைக் குச்சியால் எடுத்தார். எல்லாம் முடிந்த பிறகு கொட்டிலுக்கு வெளியே, வீதியோரத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து, வலக்கையை நீட்டினார். சூசையம்மா தேநீர்க் கோப்பையை அந்தக் கையில் கொடுத்தாள். அவர் அதைக் குடித்து முடிக்கும்வரை அவள் பக்கத்திலேயே நின்றாள். ஒரு சொட்டும் சிந்தவில்லை.